பதில்: யாரைப் படித்தாலும் அவர் நடையே வருகிறது

சின்ன வயதிலிருந்து விடாமல் வாசிக்கிறீர்கள். கதை எழுத உட்கார்ந்தால் கடைசியாகப் படித்தவரின் நடையே வந்து விழுகிறது, அதனால் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன் என்கிறீர்கள். விட்டதுதான் தப்பு, சாயல் வந்தது தப்பில்லை.

எனக்கும் இதேதான். பள்ளியில் வாரப்பத்திரிகைத் தொடர்கதை பாணியில் ஒரு நோட்டு முழுக்க எழுதினேன், ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் கதவு தட்டப்படும். கல்லூரியில் சிற்றிதழ்கள் பிடித்துக்கொண்டதும் புள்ளியே வைக்காத வாக்கியங்கள். இப்போது பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த நோட்டில் ஓரிடம் யார் சாயலும் இல்லாமல் இருக்கிறது: என் அத்தை சண்டை போடும் பேச்சு. காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருந்தேன்.

நன்றாகத் தெரிந்த ஒருவர் பேசுவதை மட்டும் ஒரு பக்கம் எழுதுங்கள், வர்ணனை வேண்டாம். பிறகு சத்தமாக வாசியுங்கள். நாக்கு இடறுகிற இடத்தில் பெரும்பாலும் இரவல் நடைதான் இருக்கும். எழுதும் நாட்களில் உங்களை ஆட்டிப்படைக்கும் அந்த எழுத்தாளரை மட்டும் அலமாரியில் வையுங்கள். வாசிப்பையே நிறுத்தச் சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். நான் கேட்டேன், ஆறு மாதம் ஒரு வரி வரவில்லை.

அந்தப் பாதிக் கதையைக் கிழித்துப் போடவில்லையே?