கேளுங்கள்: கோனி பிளாங்க் பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள்

கேள்வி: ஜெர்மன் இசைக்குழு கிராஃப்ட்வெர்க்கைக் கேட்டு மயங்கினேன். 1970களின் ஜெர்மன் எலக்ட்ரானிக் இசையில் அதிகம் அறியப்படாதவற்றை எப்படித் தேடுவது? இசை ஆப் திரும்பத் திரும்ப அதே பெயர்களையே காட்டுகிறது. (வாசகர், மதுரை)

பதில்: பலர் கேட்பதைத்தான் ஆப் முன்னால் தள்ளும். அதை நம்பாமல், இசைத்தட்டுகளின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் டிஸ்காக்ஸ் தளத்துக்குப் போங்கள். கிராஃப்ட்வெர்க்கின் முதல் ஆல்பத்தைத் திறந்து, இசைக்கலைஞர்களை விட்டுவிட்டு ஒலிப்பதிவாளர் யார் என்று பாருங்கள். கோனி பிளாங்க்! அவர் பெயரைச் சொடுக்கி, 1970கள் என்று வடிகட்டினால் நொய், கிளஸ்டர், ஹார்மோனியா என இசைக்குழுக்களின் ஒரு பெரும் உலகமே திறக்கும். அந்தக் காலத்து ஒலியின் குணத்தைத் தீர்மானித்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அடுத்து லேபிள், அதாவது தட்டை வெளியிட்ட நிறுவனத்தின் பெயரைப் பிடித்துத் தேடுங்கள்: பிரெய்ன், ஸ்கை. டிஸ்காக்ஸில் ஒவ்வொரு தட்டுக்கும் காட்டும் ‘வைத்திருப்போர்’ (Have) எண்ணைவிட ‘வேண்டுவோர்’ (Want) எண் அதிகமுள்ள தட்டுகளை முதலில் கேளுங்கள்.

எழுத்தைக் கவனியுங்கள். ஆங்கில எழுத்து கே-யில் (K) தொடங்கும் கிளஸ்டரும் சி-யில் (C) தொடங்கும் கிளஸ்டரும் வேறு வேறு. முன்னதில் இசைக்கலைஞர் கொன்ராட் ஷ்னிட்ஸ்லரும் இருந்தார்.

யூடியூபில் கேட்டால் பாடலின் நேரத்தை டிஸ்காக்ஸில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். நிமிடத்துக்கு 33 சுற்று வேகத் தட்டை 45-இல் ஓட்டிப் பதிவேற்றியிருந்தால், 20 நிமிடப் பாடல் 15 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், சுருதியும் ஏறியிருக்கும். பிடித்துவிட்டால், பியூரோ பி என்ற லேபிள் மறுவெளியீடு செய்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.