கிரே காரை வெள்ளையா மாத்தணுமா?

பெயின்ட் மாத்த வேணாம், முதல்ல பகல்லயே ஹெட்லைட்டை லோ பீம்ல போட்டு ஓட்டிப் பாருங்க. மழையிலயும் சாயங்காலத்துலயும் சைடு ரோட்டுல இருந்து வர்றவங்க உங்க கிரே காரைப் பாக்காம குறுக்க வந்துடுறாங்கன்னு சொல்றீங்கல்ல, அதுக்குப் பெரும்பாலும் காரணம் நனைஞ்ச ரோடு, மேகம், உங்க கார் எல்லாமே ஒரே சாம்பலா தெரியறதுதான், கண்ணுக்குப் பிரிச்சுப் பாக்க அங்க ஒண்ணுமே இல்ல.

கலர் சும்மா கதைன்னும் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவோட மோனாஷ் யுனிவர்சிட்டி 2007ல பண்ண ஆய்வுல, பகல்ல வெள்ளைக் காரை விட கருப்புக்கு 12%, கிரேக்கு 11% விபத்து ரிஸ்க் அதிகம்னு வந்துச்சு.

இன்னைக்கே ஒண்ணு செக் பண்ணுங்க. லைட் சுவிட்சை ஆட்டோல விட்டு, இஞ்சினை ஆன் பண்ணி, இறங்கி பின்னாடி போய்ப் பாருங்க. நிறைய கார்ல பகல்ல முன்னாடி டிஆர்எல் (பகல்ல தானா எரியுற சின்ன லைட்) மட்டும்தான் எரியும், டெயில் லேம்ப் எரியாது. சென்சார் வெளிச்சத்தைத்தான் பாக்குது, மழையில பகல் வெளிச்சம் இருந்தா அது பேசாம இருந்துடும், டாஷ்போர்டு வேற பளிச்னு எரியுறதால லைட் போட்டாச்சுன்னே நாம நினைச்சுக்குவோம் (இந்த டிசைன் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது). அப்படின்னா நீங்களே கையால லோ பீம் போடணும். ஹெட்லைட் லென்ஸ் மஞ்சளாகி இருந்தா பாலிஷ் பண்ணிடுங்க.

ஆனா ஒண்ணு, வெள்ளையும் எல்லா இடத்துலயும் ஜெயிக்காது, ஸ்னோ கொட்டிக் கிடக்குற இடத்துலயும் அடர்த்தியான மூடுபனியிலயும் அதுவும் காணாம போயிடும். நல்லா இருட்டின அப்புறம் பெயின்ட் கணக்குலயே வராது, லைட்டும் ரிஃப்ளெக்டரும்தான். அப்படியும் கலர் மாத்தறதா இருந்தா, பல நாடுகள்ல வண்டிப் பதிவுலயும் அதை மாத்தணும், முன்னாடியே கேட்டுக்கோங்க.