புதன்கிழமைக் காசை நிறுத்திவிட்டு வாகரைக்குப் போங்கள்

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து 24 வயதுத் தங்கச்சி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன். மூன்று வருடம் ஒரு கடையில் கணக்குப் பகுதியில் வேலை, சம்பளம் 42,000. அடுத்த மாதம் முதலாம் திகதி வேலையை விட்டுவிட்டு, தன் திருச்சபை ஒழுங்கு செய்திருக்கும் ஒரு வருடத் தொண்டுப் பணிக்கு வேறு மூன்று பிள்ளைகளோடு வாகரைக்குப் போகிறார். காலையில் பாலர் பாடசாலை, பின்னேரம் பிள்ளைகளுக்குப் பாடம், சனிக்கிழமைகளில் தனியே இருக்கும் வயதானவர்களைப் போய்ப் பார்ப்பது. தங்குமிடமும் சாப்பாடும் அவர்களே தருவார்கள், கைச்செலவுக்கு மாதம் 8,000. சேமிப்பு 184,000 இருக்கிறது. அக்காவின் குழுக்கடனுக்கு (சில பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்று ஒரு கம்பனியிடம் எடுப்பது) கடந்த 12 கிழமையாகப் புதன்கிழமை தோறும் 2,500 கட்டிவருகிறார், போன பிறகும் சேமிப்பிலிருந்து அனுப்பலாம் என்று நினைக்கிறார். அத்தானுக்கு இந்தப் பயணமே பிடிக்கவில்லை, "வருசத்துக்கு அஞ்சு லட்சம் நட்டம்" என்கிறார். சபை இளைஞர் குழுவில் ஒரு நண்பி, போனில் ஒரு ஆப்பில் 50,000 போட்டால் நாளாந்தம் காசு வரும் என்கிறாராம். "நான் இந்த வருசத்தை எப்படிச் சமாளிப்பது, சேமிப்பை எதில் போடுவது?" இதுதான் கேள்வி.

தங்கச்சி, செலவைக் குறித்து வைக்க வேண்டும், அவசரத்துக்குக் காசு ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் கணக்குப் பகுதியில் இருந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பிரச்சினை தொண்டு வருடம் இல்லை, புதன்கிழமை.

முதலில் அத்தானின் ஐந்து லட்சத்தைப் பார்த்துவிடுவோம். 42,000 ஐ 12 ஆல் பெருக்கினால் 504,000, அவர் சொன்னது சரிதான். ஆனால் 36 மாதம் வேலை செய்து நீங்கள் சேர்த்தது 184,000. மாதத்துக்கு 5,000 சொச்சம். மிச்சமெல்லாம் பஸ், சாப்பாடு, வீட்டுச் செலவு, அக்கா என்று போயிருக்கிறது. ஆகவே இந்த ஒரு வருடத்தால் உங்கள் சேமிப்பில் சேராமல் போவது ஏறக்குறைய 60,000. 24 வயதில், மனதுக்குச் சரியென்று பட்ட ஒரு வேலைக்காக அந்த 60,000 ஐ விடுவது தாங்கக்கூடிய செலவு என்றுதான் நான் சொல்வேன். சுனாமியையும் 2006, 2007 யுத்த இடப்பெயர்வையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ட ஊர் வாகரை, அங்கே பாலர் பாடசாலையில் ஒரு வருடம் நிற்கப் போகிற பிள்ளையைக் காசைக் காட்டித் தடுக்க எனக்கு மனமில்லை. அங்கே உங்கள் சொந்தச் செலவும் பெரிதாக வராது. ரீலோட், சோப்பு சாமான், மருந்து, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்துபோக பஸ் என்று 6,000 போட்டால் வருடம் முடிய 24,000 மிஞ்சக்கூட இடமிருக்கிறது.

இனி அந்தக் கொப்பி. அக்காவின் கடன் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பியது நல்ல வேலை. சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 2,500, பக்கத்தில் கலெக்ஷனுக்கு வருபவரின் கிறுக்கல் கையெழுத்து. கடைசிப் பன்னிரண்டு கட்டங்களும் உங்கள் காசு, ஆனால் உங்கள் பெயர் அந்தக் கொப்பியில் எங்கேயும் இல்லை.

100,000 கடன், 52 கிழமை, 2,500 படி 130,000. "வட்டி 30 வீதம்தான்" என்று சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு லட்சம் முழுதும் வருடம் முழுக்க அக்காவின் கையில் இருந்திருந்தால் அது 30 வீதம். கிழமைக்குக் கிழமை முதலும் திரும்பிப் போவதால், சராசரியாக அவர் கையில் இருக்கும் கடன் பாதிதான், 50,000 சொச்சம். அதற்கு 30,000 வட்டி. கரட்டுக் கணக்கில் பார்த்தாலே 50 வீதத்துக்கு மேல் போகிறது.

வட்டியைக்கூட விடுங்கள். உங்கள் கடிதத்தில் நடுவில் ஒரு வரி இருக்கிறது, நீங்கள் பெரிதாக நினைக்காமல் எழுதியது: "இது மூன்றாவது லோன், போன முறை பழைய பாக்கியைக் கழித்துவிட்டு 66,000 தான் கையில் கொடுத்தார்கள்." அதை நான் மூன்று தரம் வாசித்தேன். அதாவது இரண்டாவது கடனில் இன்னும் 12 கிழமை, 30,000 பாக்கி இருக்கும்போதே புதிய கடன் கொடுத்திருக்கிறார்கள். அந்த 30,000 இல் இன்னும் வராத கிழமைகளின் வட்டியும் சேர்ந்தே கழிபட்டிருக்கிறது, அதற்கு மேல் பத்திரச் செலவு, காப்புறுதி என்று 4,000. கையில் வந்தது 66,000, கட்ட வேண்டியது 130,000. இந்தச் சுற்று ஏன் அறுந்துபோகவில்லை? கொப்பியில் ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை என்பதால்தான். ஒழுங்காகக் கட்டும் ஆளுக்குத்தான் அடுத்த கடன். ஒழுங்காகக் கட்டுவது யார்? நீங்கள். அக்காவின் கடனை நீங்கள் குறைக்கவில்லை தங்கச்சி, அடுத்த கடனுக்கு அவரைத் தகுதியாக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

வாகரையிலிருந்தும் அனுப்பினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். உங்கள் 184,000, கைச்செலவில் மிஞ்சும் 24,000, இரண்டும் சேர்ந்து 208,000. 52 புதன்கிழமைக்கு 130,000 போனால் மிச்சம் 78,000. இந்தக் கடனில் இன்னும் 26 கிழமை இருக்கிறது. அது முடிந்த கையோடு நாலாவது கடன் எடுக்கப்பட்டால், நீங்கள் திரும்பி வரும் நாளில் அக்காவின் கொப்பியில் மறுபடி 26 கிழமை, 65,000 பாக்கி. வேலையும் இருக்காது.

எனக்கு உண்மையில் பயம் தந்தது வேறொன்று. குழுவில் ஒரு பெண் வெளிநாடு போய்விட்டதால் "போகுமுன் உங்கட பேரை மட்டும் தாங்கோ" என்று கலெக்ஷன்காரர் கேட்டிருக்கிறார், நீங்கள் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். யோசிக்க ஒன்றுமில்லை. முடியாது என்று சொல்லுங்கள், இன்றைக்கே. குழுவில் பெயர் போட்டால் மற்ற நாலு பேரின் கடனுக்கும் நீங்கள் பிணை. ஒருவர் கட்டாவிட்டால் குழுக் கூட்டத்தில் பாயில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களை எழும்ப விடாமல் வைத்திருப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பிணை நின்ற கடனும் சிஆர்ஐபி, அதாவது கடன் தகவல் பணியகத்தின், அறிக்கையில் ஏறலாம், நாளைக்கு நீங்கள் வங்கியில் வீட்டுக்கடனுக்குப் போனால் அதுவும் முன்னால் வந்து நிற்கும்.

அக்கா உங்களை வளர்த்தவர், அம்மாவும் அவரோடுதான் இருக்கிறார், தெரியும். நம்முடைய பக்கத்து வழக்கப்படி அம்மாவின் வீடு அக்காவுக்குப் போயிருக்கிறது, அத்தானும் அங்கே வந்துதான் குடியிருக்கிறார். அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் வீடு, இரண்டு பெரியவர்களின் உழைப்பு என்று அவர்களுக்குக் கொஞ்சமாவது பிடிமானம் இருக்கிறது. உங்களுக்கு இருப்பது அந்த 184,000 மட்டும்.

ஆகவே நான் சொல்வது இது. அக்காவுக்கு ஒரே ஒரு தரம் உதவுங்கள், அதுவும் ஒரு நிபந்தனையோடு. கம்பனி அலுவலகத்துக்கு அக்காவும் நீங்களும் நேரே போய், இன்றைக்கே கணக்கை மூடினால் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். 26 கிழமைக்கு முழுதாக 65,000. வராத கிழமைகளின் வட்டியைக் கழித்தால் 57,000 அளவில் வர வேண்டும். 65,000 ஐயும் கேட்டால் விடாமல் பேசுங்கள், முகாமையாளரைப் பாருங்கள். கலெக்ஷன்காரரின் கையில் காசைக் கொடுக்க வேண்டாம், அலுவலகத்தில் கட்டி ரசீதும் கடன் முடிந்ததற்கான கடிதமும் வாங்குங்கள். அன்றைக்கே அக்கா குழுவிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். இதுதான் நிபந்தனை. அவர் விலகமாட்டேன் என்றால் நீங்கள் ஒரு சதமும் கட்ட வேண்டாம், 57,000 மட்டுமில்லை, வரும் புதன்கிழமை 2,500 உம் வேண்டாம். கேட்கக் கடுமையாகத்தான் இருக்கும். அடுத்த மூன்று கிழமை வீட்டில் சத்தமும் வரும், வரட்டும், நீங்கள் அங்கே இருக்கும்போதே வருவது நல்லது.

அக்காவுக்குப் பிறகு உண்மையாகவே கோழி வளர்ப்பு போன்ற ஒரு தொழிலுக்குக் காசு தேவைப்பட்டால் ஊரிலுள்ள சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்தை, இல்லாவிட்டால் சமுர்த்தி வங்கியைப் போய்க் கேட்கட்டும். பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் பேசினாலும் வழி சொல்வார். அங்கே கூட்டம், படிவம், காத்திருப்பு எல்லாம் இருக்கும், அப்படி நாள் எடுப்பது இந்தக் குடும்பத்துக்கு நல்லதென்றே நினைக்கிறேன்.

அந்த ஆப் விஷயம். வேண்டாம். நண்பி நல்ல பிள்ளையாக இருப்பார், ஜெபக் கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவராக இருப்பார், அவருக்கு இதுவரை காசு வந்துமிருக்கும். ஆளைச் சேர்த்தால் கமிஷன் என்றால் அது பிரமிட், வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி இலங்கையில் தடை செய்யப்பட்டது. இந்த மாதிரித் திட்டங்கள் சபைகளுக்குள்ளும் கோயில் இளைஞர் கழகங்களுக்குள்ளும்தான் வேகமாகப் பரவுகின்றன, ஒருவரையொருவர் நம்பும் இடம் என்பதால். நண்பிக்கும் சொல்லுங்கள், போட்டதை எடுக்க முடிந்தால் எடுக்கட்டும்.

கடனை மூடினால் உங்களிடம் ஏறக்குறைய 127,000 மிஞ்சும். 40,000 ஐச் சாதாரண சேமிப்பில் விடுங்கள், மிச்சத்தை மத்திய வங்கி அனுமதி பெற்ற ஒரு வங்கியில் ஒரு வருட நிலையான வைப்பில் போடுங்கள். உரிமம் பெற்ற வங்கி என்றால் 11 லட்சம் வரை வைப்புக் காப்புறுதியும் இருக்கிறது. வட்டி பெரிதாக வராது. ஆனால் யாராவது போனில் அழுதாலும் அன்றைக்கே எடுத்து அனுப்ப உங்களுக்குக் கை வராது, எனக்கு அதுதான் தேவை. வங்கி அட்டையைக் கையில் வைத்திருங்கள், அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. மூன்று வருடம் உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போயிருக்க வேண்டும், அது மூன்று லட்சம் அளவில் இருக்கும். வேலையை விடுமுன் அந்தக் கணக்கை ஒருதரம் சரிபாருங்கள், விட்ட மாதங்கள் இருந்தால் இப்போதே கேட்பது லேசு. வேலையை விட்டதற்காக அதை எடுக்க முடியாது, வீட்டில் யாரும் கேட்டால் அதையே சொல்லுங்கள். முதலாளி தனியாகக் கட்டும் 3 வீத ஊழியர் நம்பிக்கை நிதியை வேலை விட்டபின் எடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. ஏறக்குறைய 45,000 வரும். அதை இப்போது தொட வேண்டாம், திரும்பி வந்து வேலை தேடும் மாதங்களுக்கு அது உங்கள் சோறு.

போனதும் முதல் நாளே, பொறுப்பாக இருக்கும் அருட்சகோதரியிடம் வீட்டுக் கடன் கதையைச் சொல்லிவையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் சில புதன்கிழமைகளில் பத்து மணிக்கு முன்னால் அக்காவின் அழைப்பு வரும். அந்த நேரம் நீங்கள் பிள்ளைகளோடு இருப்பீர்கள், போனை எடுக்க வேண்டாம். பின்னேரம் நீங்களாக எடுத்து அம்மாவின் சுகம் கேளுங்கள், பிள்ளைகளின் கதையைச் சொல்லுங்கள், காசுப் பேச்சு வந்தால் "என்னட்ட இல்ல அக்கா" என்று மட்டும் சொல்லுங்கள்.