சூனியக்காரிப் படத்துக்கு 45 டாலரா?

கேள்வி: 1973இல் திருமணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தேன். வந்த புதிதில் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு சூனியக்காரிப் படம் இன்னும் மனதில் நிற்கிறது. பெண்கள் கல்லூரி ஒன்றில் மாணவிகள் ஒவ்வொருத்தியாகச் சாவார்கள். கேட் ஜாக்சன் நடித்தது. பேத்திக்குக் காட்ட ஆசை. இணையத்தில் ஒருவர், “முதல் ஒளிபரப்பின்போதே பதிவுசெய்த அசல் பிரதி, காப்புரிமை கிடையாது, எச்.டி. தரம், முழுநீளம் 90 நிமிடம்” என்று சொல்லி 45 டாலர் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. அவர் சொன்ன நான்கில் ஒன்றுகூடத் தேறவில்லை.

நீங்கள் பார்த்தது ‘சேட்டன்ஸ் ஸ்கூல் ஃபார் கேர்ள்ஸ்’. 1973 செப்டம்பர் 19, புதன்கிழமை இரவு ஏ.பி.சி. தொலைக்காட்சியில் வந்தது. தங்கையின் சாவில் சந்தேகம் கொண்ட அக்காவாக பமீலா ஃபிராங்க்ளின், மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தில் உள்ள அந்தக் கல்லூரியில் வேறு பெயரில் சேர்வார். எலிகளைப் புதிர்ப்பாதையில் ஓடவிடும் ஆசிரியர், நிலவறையைத் தீட்டிய ஓவியம், வேண்டிய நேரத்தில் தவறாமல் வரும் இடி மின்னல் எல்லாம் உண்டு. சிக்கனமாக எடுத்த படம், நடிப்பும் கொஞ்சம் மிகைதான். இருந்தும் ஐம்பது ஆண்டுகளாக உங்கள் மனதில் தங்கியிருக்கிறதே! இந்த வகைப் படங்களின் மேல் எனக்குள்ள மதிப்பும் அதனால்தான்.

‘முதல் ஒளிபரப்பின்போதே பதிவுசெய்தது’ என்கிறார். வீட்டில் பதிவுசெய்ய பீட்டாமாக்ஸ் கருவி விற்பனைக்கு வந்ததே 1975இல். வி.எச்.எஸ். நாடாக் கருவி அமெரிக்காவுக்கு வந்தது 1977இல். 1973இல் வீட்டில் பதிவுசெய்யும் கருவி வெகு அபூர்வம், யார் வீட்டில் பதிவுசெய்தார்களாம்? பிற்கால மறுஒளிபரப்பிலிருந்து எடுத்ததைத்தான் ‘அசல்’ என்று விற்கிறார்கள். மறுஒளிபரப்பில் விளம்பரத்துக்கு இடம் வேண்டிப் படத்தை வெட்டுவது அன்றாட வழக்கம்.

‘90 நிமிடம்’ என்பதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். அந்தக் காலத்தில் விளம்பரங்களையும் சேர்த்துத்தான் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவார்கள். நீங்கள் பார்த்த படம் ஏறத்தாழ 78 நிமிடம்தான். இதே கதையை இதே பெயரில் 2000இல் மறுபடி எடுத்தார்கள். அதில் நாயகி ஷானன் டோஹர்ட்டி. 1973இல் மாணவியாக வந்த கேட் ஜாக்சன் அதில் கல்லூரித் தலைவியாக வருவார். அதனால் ‘கேட் ஜாக்சன் நடித்தது’ என்று உறையில் போட்டால் பொய் ஆகாது. ஆனால் பணம் கட்டிப் பிரித்துப் பார்த்தால் உங்கள் படம் இருக்காது. ‘தி இனிஷியேஷன் ஆஃப் சாரா’ என்ற படத்துக்கும் இதே நிலைதான். 1978இல் வந்தது ஒன்று, 2006இல் வந்தது ஒன்று, மார்கன் ஃபேர்சைல்ட் இரண்டிலும் உண்டு. பெயரையும் நடிகையையும் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஆண்டைக் கேளுங்கள்.

எச்.டி. என்பதை ஒரே வரியில் முடித்துவிடலாம். எச்.டி. திரை அகலமானது. பழைய, ஏறத்தாழச் சதுரமான 4:3 படத்தை அந்த அகலத்திரைக்காக வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும், பேசுகிறவர்களின் உச்சந்தலையும் அதோடு போகும்.

இனி ‘காப்புரிமை கிடையாது’. அமெரிக்காவில் 1964க்கு முன் வெளியான படைப்புகளுக்கு 28ஆம் ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மறந்தவர்களின் படங்கள் பொதுச்சொத்தாகிவிட்டன. அந்தக் கதையை இந்தப் படத்தின் தலையில் கட்டுகிறார்கள். 1964 முதல் 1977 வரையிலானவற்றுக்குத் தானாகவே புதுப்பித்ததாகக் கொள்ளும்படி 1992இல் சட்டமே வந்துவிட்டது. மொத்தம் 95 ஆண்டுகள். அதாவது 1973ஆம் ஆண்டுப் படத்துக்கு 2068 முடியும்வரை.

ஒரு விதிவிலக்கு உண்டு, தரகர்கள் பிடித்துத் தொங்குவது அதைத்தான். 1978க்கு முன், காப்புரிமை அறிவிப்பு இல்லாமல் வெளியிட்ட படைப்பு உரிமையை இழக்கக்கூடும். ‘கடைசியில் வட்டத்துக்குள் சி எழுத்து இல்லை பாருங்கள், இது பொதுச்சொத்து’ என்பார்கள். முதல் விஷயம், தொலைக்காட்சியில் ஒளிபரப்பியதாலேயே சட்டப்படி ‘வெளியிட்டது’ ஆகிவிடாது. பிரதிகள் எப்போது, யாருக்கு, எந்த நிபந்தனையில் போயின என்று பார்க்க வேண்டும். அது வழக்கறிஞரின் வேலை, வட்டு விற்பவரின் வேலையல்ல. இரண்டாவது, உங்கள் கையில் உள்ள பிரதியில் அந்த எழுத்து இல்லையென்றால் படத்திலேயே இல்லை என்று அர்த்தமில்லை. மறுஒளிபரப்பில் இறுதிப் பெயர்ப்பட்டியலை நறுக்குவதுண்டு, அறிவிப்பு இருப்பதே பெரும்பாலும் அந்தப் பட்டியலின் கடைசியில்தான். ஆகவே எழுத்தைக் காணவில்லை என்பது எதற்கும் ஆதாரமாகாது. மறுபடி சொல்கிறேன், எதற்கும் ஆதாரமாகாது.

இது நானே பட்டது. ‘குரோஹேவன் ஃபார்ம்’ என்று ஒரு படம், 1970 நவம்பரில் ஏ.பி.சி.யில் வந்தது, ஹோப் லேங் நடித்தது. பலகையைப் போட்டு அதன்மேல் கல் ஏற்றிக் கொல்லும் காட்சி அதில் வரும். அது கற்பனைத் தண்டனையல்ல. 1692இல் சேலத்தில் நடந்த சூனிய விசாரணைகளின்போது கைல்ஸ் கோரி என்ற முதியவர் அப்படித்தான் செத்தார். பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். சூனியக்காரிகளை அங்கே எரித்ததாகப் பலரும் நம்புகிறார்கள், ஒருவரைக்கூட எரிக்கவில்லை. அந்தப் படத்துக்காக ஒரு விற்பனையாளரிடம் பணம் கட்டினேன். வந்த வட்டின் அடிப்பக்கம் ஊதா நிறம், அதாவது வீட்டுக் கணினியில் எழுதியது. படம் ஓடும்போது வலது கீழ்மூலையில் ஒரு சின்னச் சதுரம் மட்டும் ஆவி படிந்த கண்ணாடிபோல மங்கிக் கிடந்தது. ஏதோ அலைவரிசையின் முத்திரையை அழித்த இடம் அது. இறுதிப் பெயர்ப்பட்டியல் பாதியில் அறுந்துபோயிற்று. கேட்டதற்கு, “அதனால்தான் காப்புரிமை இல்லை” என்று பதில் வந்தது.

ஆனால் தரகர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் இப்படிப்பட்ட படங்கள் எத்தனையோ பெட்டிக்குள் கிடக்கின்றன. அவர்களும் வெளியிடமாட்டார்கள், பிறரையும் வெளியிட விடமாட்டார்கள். பார்க்க ஆசைப்படும் தலைமுறைக்கு எண்பது வயது நெருங்குகிறது, சட்டம் 2068 வரை காத்திருக்கச் சொல்கிறது. யாருடைய நன்மைக்காக இந்தக் காவல் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. திகில் பட இயக்குநர் வெஸ் கிரேவன் 1978இல் தொலைக்காட்சிக்கு எடுத்த சூனியக்காரிப் படம் ‘சம்மர் ஆஃப் ஃபியர்’ முறையாகப் புளூ ரே வட்டில் வந்திருக்கிறது. மனமிருந்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் படத்தின் பெயரையும் 1973 என்ற ஆண்டையும் எழுதிக் கொடுங்கள். தங்களிடம் இல்லாவிட்டாலும் வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தர முயல்வார்கள், அதற்குத் தரகு கிடையாது. நியூயார்க்கில் உள்ள பேலி மையம் பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைச் சேர்த்துவைத்திருக்கும் இடம். இந்தப் படம் இருக்கிறதா, வந்து பார்க்க முடியுமா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வாங்கித்தான் தீரவேண்டும் என்றால், வட்டின் அடிப்பக்கத்தையும் உறையின் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் அச்சில் இல்லாத உறைக்கு ஐந்து டாலர்கூடக் கொடுக்க வேண்டாம்.

படம் கிடைத்ததும் தொலைக்காட்சியின் பட அளவை 4:3க்கு மாற்றிவிட்டுப் பேத்தியை அழையுங்கள். இல்லையென்றால் கேட் ஜாக்சனின் முகம் பூசணிக்காய்போல அகன்று தெரியும், பிள்ளை சிரித்துவிடும்.