பூநாரை இல்லாத மாதங்களில் கோடியக்கரை

மே மாத விடுமுறையில் குடும்பத்துடன் மதுரையிலிருந்து கோடியக்கரைக்குப் போக எண்ணியிருப்பதாகவும், சீசன் முடிந்த பிறகு அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று சிலர் சொல்வது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பூநாரைகளுக்காக மட்டும் போவதென்றால் அவர்கள் சொல்வது சரிதான். வலசைப் பறவைகள் அக்டோபரில் வரத் தொடங்கி, மார்ச் வாக்கில் பெரும்பாலும் கிளம்பிவிடும். ஆனால் 1967-இல் அந்தக் காட்டைச் சரணாலயமாக அறிவித்தது முதன்மையாக வெளிமான்களுக்காக. அவை எந்த மாதத்திலும் ஊரை விட்டுப் போவதில்லை. மழைக்காலத்தில் சேறும் சகதியுமாகக் கிடக்கும் புல்வெளி கோடையில் காய்ந்து கட்டையாகிவிடுவதால், தொலைவில் மேயும் கூட்டமும் கண்ணுக்குத் தப்பாது. முறுக்கிய கொம்பும் கரிய முதுகும் வெள்ளை வயிறுமாக ஓர் ஆண் வெளிமான் தலையை நிமிர்த்தி நிற்க, பழுப்பு நிறப் பெண்மான்கள் அதைச் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருப்பதை அங்கே நின்று நிதானமாகப் பார்க்கலாம். காலையில் நேரத்தோடு போய்விடுங்கள். தவறினால் வெயில் தாழ்ந்த பிறகு போகலாம். நடுப்பகலில் மான்கள் நிழலுக்கு ஒதுங்கிவிடும்.

காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலோர மணல்மேடுகளின் மேல் வளர்ந்த, கோடையிலும் இலை உதிர்த்து மொட்டையாகாத உலர்ந்த காடு அது. 2018 நவம்பரில் கஜா புயல் ஏராளமான மரங்களைச் சாய்த்துவிட்டது என்றாலும், பாலை மரங்கள் இன்றும் அந்தக் காட்டின் அடையாளமாக நிற்கின்றன. அவை பழுப்பது இந்தக் கோடையில்தான். வேப்பம்பழம் போன்ற சிறிய மஞ்சள் பழம். இனிப்பு அதிகம், பாலும் அதிகம். நாலைந்து தின்றதுமே உதடுகள் ஒட்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் தொலைநோக்கியுடன் வந்து போகிறவர்களுக்கு இந்தச் சுவை வாய்ப்பதில்லை.

வழியிலுள்ள உப்பளங்களைப் பார்ப்பதற்கும், என் கணிப்பில், இதைவிட நல்ல காலம் கிடையாது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் நீரில் மூழ்கிக் கிடக்கும் பாத்திகள், மழை ஓய்ந்து சீர்செய்யப்பட்ட பின், கோடையில் முழுமூச்சாக விளைகின்றன. நீரின் மேல் முதலில் பாலாடை போல மெல்லிய ஏடு படர்ந்து, பிறகு மணிகளாகி அடியில் இறங்க, தொழிலாளர்கள் அதை நீண்ட கைப்பிடியுள்ள பலகையால் இழுத்து வரப்பில் குவிக்கிறார்கள். வெயில் ஏறிவிட்டால் அந்த வெண்மையின் கூச்சம் கண்ணைப் பறித்துவிடும். எனவே அதிகாலையிலேயே போங்கள். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்ட ராஜாஜியும் தொண்டர்களும் இதே வெயிலில் நடந்து வேதாரண்யம் சேர்ந்து, ஏப்ரல் 30 அன்று அருகிலுள்ள அகத்தியன்பள்ளியில் உப்பெடுத்தார்கள். அங்கே நினைவுத் தூணும் இருக்கிறது. வண்டியில் போகிற நாம் வெயிலைக் குறை சொல்வது கொஞ்சம் அதிகப்படி.

இருந்தாலும் வெயிலைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். மதுரையின் வறண்ட சூட்டுக்குப் பழகியவர்களை அங்குள்ள உப்புக்காற்றின் புழுக்கம் விரைவில் களைப்படையச் செய்துவிடும். குழந்தைகளும் பெரியவர்களும் உடன் வருவதால், நண்பகல் முழுவதும் வேதாரண்யத்தில் அறையெடுத்துத் தங்கிவிடுவதே நல்லது. குடிநீரையும் அங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள். சித்திரைத் திருவிழா முடிந்ததும் கொடைக்கானல் மலைப்பாதையில் வண்டிகள் நகராமல் நிற்பதை நினைத்தால், எனக்கு இந்தப் புழுக்கமே மேல்.

பேருந்தில் போவதானால் மாட்டுத்தாவணியிலிருந்து பட்டுக்கோட்டை சென்று, முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் சேரலாம். சொந்த வண்டியில் போகிறவர்கள் முத்துப்பேட்டையில் இறங்கி அலையாத்திக் காட்டையும் பார்க்கலாம். அதற்குப் படகு வேண்டும் என்பதால் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கோடியக்கரைச் சரணாலயத்துக்குள் வண்டியை விடுகிறார்களா என்பதையும் அப்போதே விசாரித்துவிடலாம்.

மீன் சாப்பாட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீனுக்குக் கிராக்கி அதிகம், விலையும் அதற்கேற்றாற்போல் இருக்கும்.