பனியில் கிடக்கும் நைட்ரேட்: கேள்வி பதில்

கேள்வி (பள்ளி ஆசிரியை): பழங்கால ஓசோனை அறியப் பனிக்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகளையே அளக்கலாமே, நைட்ரேட் எதற்கு?

பதில்: கார்பன் டை ஆக்சைடுக்கும் மீத்தேனுக்கும் அந்த வழி சரி. ஓசோன் அப்படி நிலைத்திருக்காது, எதனுடனாவது வினைபுரிந்து தீர்ந்துவிடும். காற்றில் ஓசோனைப் போலவே பிறவற்றுடன் வினைபுரியும் ஹைட்ராக்சில் ரேடிக்கலின் (OH) ஆயுளோ ஏறத்தாழ ஒரு நொடிதான். ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரேட்டாக மாறும்போது அவற்றுக்கு ஆக்சிஜன் கொடுப்பவை இவைதான். கொடுத்தது யார் என்ற அடையாளம் அந்த ஆக்சிஜனிலேயே இருக்கிறது. அந்த அடையாளத்தோடுதான் நைட்ரேட் பனியில் விழுகிறது.

கேள்வி (வேதியியல் மாணவர்): என்ன அடையாளம் அது?

பதில்: ஆக்சிஜனுக்கு 16, 17, 18 என மூன்று நிலையான ஐசோடோப்புகள், அதாவது எடை மட்டும் வேறுபடும் அணு வகைகள். பெரும்பாலான வினைகளில் 18-இன் அளவு ஆயிரத்துக்கு 10 கூடினால் 17-இன் அளவு சுமார் 5.2 கூடும். ஓசோன் உருவாகும்போது இந்தக் கணக்கு உடைகிறது. 17 எதிர்பார்த்ததைவிட மிகுந்து நிற்கும். 1983-இல் தீமென்ஸும் ஹைடன்ரைக்கும் இதை ஆய்வகத்தில் காட்டினார்கள். தண்ணீரிலும் ஹைட்ராக்சிலிலும் இந்த மிகுதி கிட்டத்தட்ட இல்லை. ஆகவே நைட்ரேட்டில் மிகுதி கூடினால் ஓசோனின் கை ஓங்கியிருந்தது என்று பொருள். துருவத்தில் குளிர்கால இருளில் அது கூடுகிறது, கோடை வெயிலில் ஹைட்ராக்சில் பெருகும்போது குறைகிறது.

கேள்வி: அளக்க டன் கணக்கில் பனி வேண்டுமா?

பதில்: வேண்டாம். நைட்ரேட்டை உண்டு நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாக வெளியிடும் சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள் உண்டு. அடுத்த படிக்கான என்சைம் அவற்றிடம் இல்லாததால் வாயு அங்கேயே நிற்கும். அதைச் சுமார் 900 டிகிரியில் தங்கக் குழாய்க்குள் செலுத்தினால் நைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரியும். பிறகு, ஐசோடோப்புகளை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். நானோமோல் அளவு, அதாவது மிகமிகச் சிறிதளவு, நைட்ரேட் போதும்.

கேள்வி (ஆய்வு மாணவி): பனியில் விழுந்த நைட்ரேட் அப்படியே இருக்குமா?

பதில்: இருக்காது. இந்தத் துறையில் என்னை மிகவும் கட்டிப்போட்ட விஷயமும் அதுதான். கிழக்கு அண்டார்க்டிகாவின் டோம் சி, 3,200 மீட்டருக்கும் மேலான பீடபூமி. அங்கே குழி வெட்டி, சுவரை மேலிருந்து கீழே சுரண்டிக்கொண்டே வந்தால், மேல்தோலாகக் கிடக்கும் சில மில்லிமீட்டரில் நைட்ரேட் குவிந்திருக்கும். அரை மீட்டர் இறங்குவதற்குள் அதில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

காரணம் வெயில். கோடையில் மாதக்கணக்கில் மறையாத சூரியனின் புற ஊதா ஒளி பனிக்குள் இறங்கி நைட்ரேட்டை உடைக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் மறுபடி காற்றுக்கே போகின்றன. ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவே பனி சேர்வதால் ஒரே அடுக்கு பல கோடைகளைப் பார்க்கிறது. நைட்ரஜனுக்கும் 14, 15 என இரண்டு நிலையான ஐசோடோப்புகள்; உடையும்போது நைட்ரஜன்-14 கொண்டவை சற்று எளிதில் போய்விட, 15 தங்குகிறது. அதன் மிகுதி, காற்றிலுள்ள நைட்ரஜனோடு ஒப்பிட, ஆழத்தில் ஆயிரத்துக்கு 300 வரைகூட ஏறுகிறது. இயற்கையில் இவ்வளவு பெரிய எண் மிக அபூர்வம். வெளியேறிய ஆக்சைடுகள் அங்குள்ள காற்றில் மறுபடி நைட்ரேட்டாகித் திரும்பி விழும்போது, ஆக்சிஜனிலுள்ள அடையாளமும் புதிதாக எழுதப்படுகிறது. போதாக்குறைக்கு, பனித்துகளுக்குள்ளேயே தண்ணீருடன் ஆக்சிஜன் பரிமாற்றமும் நடந்து ஓசோனின் தடத்தை மங்கவைக்கிறது. அதனால்தான் நைட்ரஜனைப் பார்க்காமல் ஆக்சிஜனை மட்டும் படிக்காதீர்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். எவ்வளவு இழப்பு நடந்தது என்பதை 15 சொல்லும்; அதைத் தெரிந்துகொண்ட பிறகே ஆக்சிஜன்-17-ஐ நம்பலாம்.

கேள்வி: கிரீன்லாந்திலும் இதே கதையா?

பதில்: கிரீன்லாந்துப் பனிப்படலத்தின் உச்சியான சம்மிட்டில் பனி வேகமாக மூடிவிடுவதால் இழப்பு மிகக் குறைவு. அங்கே எடுத்த பனித்தண்டில் 1718 முதல் 2006 வரை படித்தபோது நைட்ரஜன்-15 மதிப்பு ஆயிரத்துக்கு சுமார் 11-இலிருந்து மைனஸ் 1-க்கு இறங்கியிருந்தது. 2009-இல் வெளியான அந்த ஆய்வு, மனிதர் வெளியிட்ட நைட்ரஜன் ஆக்சைடுகளைக் காரணமாகச் சொன்னது. காற்றின் அமிலத்தன்மை கூடியதும் நைட்ரேட் வாயுவாகவும் துகளாகவும் பிரியும் விதத்தை மாற்றியிருக்கும் என்று பின்னர் வேறு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது என்பது என் கருத்து.

கேள்வி: அப்படியானால் ஓசோன் துளையின் வரலாறும் டோம் சி பனியில் கிடைக்குமா?

பதில்: துளை விரிந்தால் புற ஊதா கூடும், நைட்ரேட் அதிகம் உடையும், 15 ஏறும். யோசனை அழகானது. ஆனால் அந்த ஆண்டு பனி கொஞ்சம் கூடுதலாகப் பெய்தாலே அடுக்கு சீக்கிரம் புதைந்து, 15 எதிர்த்திசையில் நகர்ந்துவிடும். எனவே பனிப்பொழிவைத் தனியாக அளந்து கழித்த பிறகுதான் ஓசோன் துளையைத் தேட வேண்டும்.