'டைபாய்டு பாயிண்ட்' குறையவில்லை என்று மறுபடி மறுபடி ரத்தம் எடுக்காதீர்கள்

கேள்வி: நாங்கள் மேலூர் பக்கம். மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். ஆவணியில் காய்ச்சல் வந்தபோது டைபாய்டு என்று ஊசி போட்டார்கள். ஐப்பசியில் மறுபடி வந்தது, தை மாதம் இன்னொரு முறை. இப்போது காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான், ஆனால் லேபில் பார்த்தால் டைபாய்டு பாயிண்ட் 160 இருக்கிறதாம். கிருமி ரத்தத்திலேயே தங்கிவிட்டது, 14 நாள் ஊசி போட்டால்தான் வேரோடு போகும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: போட வேண்டாம். காய்ச்சல் இல்லாத, பசி எடுத்துச் சாப்பிடுகிற பையனுக்கு ஒரு காகிதத்தில் உள்ள எண்ணைப் பார்த்து 14 நாள் ஊசி போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

நீங்கள் 'பாயிண்ட்' என்று சொல்வது வைடால் பரிசோதனையின் அளவு. 1896-ல் பிரான்சில் வைடால் என்ற மருத்துவர் கொண்டுவந்த சோதனை இது. அது கிருமியைத் தேடுவதே இல்லை. கிருமி வந்தபோது உடம்பு தயாரித்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. 160 என்றால் 160 கிருமி என்று அர்த்தமில்லை, ரத்தத்தின் தெளிநீரை 160 மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் அது வினை காட்டுகிறது, அவ்வளவுதான். இந்த எதிர்ப்பொருள் நோய் போன பிறகும் பல மாதம் ரத்தத்தில் நிற்கும். சித்திரைத் திருவிழா முடிந்து வெகுநாள் கழித்தும் தல்லாகுளத்தில் பந்தக்கால் நட்ட குழி கிடக்கும், அதைப் பார்த்துவிட்டு அழகர் இன்னும் மலைக்குத் திரும்பவில்லை என்று யாராவது சொல்வார்களா? நம் ஊர்த் தண்ணீரையும் சாப்பாட்டையும் பார்த்தால், ஒரு நோயும் இல்லாதவர்களிடமே 80 இருக்கும், சிலரிடம் 160-ம் இருக்கும். வேறு சில கிருமிகளும் இந்தச் சோதனையை ஏமாற்றும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மகனுக்குக் காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே ரத்தம் எடுத்து 'டைபாய்டு பாசிட்டிவ்' என்று கொடுத்திருந்தால், அது பெரும்பாலும் பழைய கதை. காய்ச்சல் என்று வந்தவர்களுக்கெல்லாம் முதல் நாளே வைடால் எழுதுவதை நான் இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், இன்றும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஒரு வாரம் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, அளவு நாலு மடங்கு கூடினால் ஏதோ அர்த்தம் உண்டு. அப்படி யாரும் செய்வதில்லை.

இதில் காசும் இருக்கிறது. லேபுக்கு ஆள் அனுப்பினால் கமிஷன், 'ஃபீவர் பேக்கேஜ்' என்று பத்து சோதனையை ஒரே கட்டாகக் கட்டி விற்பது, பிறகு நாளுக்கு இரண்டு ஊசி, ஒரு டிரிப்ஸ். மருத்துவர் இப்படிக் கமிஷன் வாங்கக்கூடாது என்று 2002-லேயே இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளில் எழுதி வைத்தாகிவிட்டது. எழுதியதோடு சரி, கேட்பாரில்லை. சோதனை எழுதித் தருபவர் 'இந்த லேபில் மட்டும்தான் எடுக்க வேண்டும்' என்று அழுத்திச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். கிருமியை 'வேரோடு அழிக்கிறோம்' என்று யார் சொன்னாலும் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

டைபாய்டை உறுதி செய்ய நல்ல வழி பிளட் கல்ச்சர். ரத்தத்தை வளர்ப்புப் பாட்டிலில் விட்டு, கிருமி வளர்கிறதா, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பது. முதல் ஆண்டிபயாடிக் உள்ளே போவதற்கு முன்னால் எடுக்க வேண்டும், இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பெரியவர்களுக்கு 10 மில்லி வரை ரத்தம் தேவைப்படும், முடிவு வர இரண்டு மூன்று நாள், சில சமயம் ஐந்து நாள் ஆகும். உண்மையான டைபாய்டிலும் பாதிப் பேரிடம்தான் இது பிடிபடும், ஆனால் பிடிபட்டால் சந்தேகமே கிடையாது. சின்ன ஊர்களில் இந்த வசதி இல்லை என்பதைச் சாக்காக வைத்தே வைடால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, டைபாய்டு மறுபடி வரவே வராதா என்றால், வரும். மருந்து முடித்து இரண்டு மூன்று வாரத்தில் சிலருக்குத் திரும்பும். உங்கள் மகனுக்கோ இரண்டு மாதம், மூன்று மாதம் இடைவெளி. கணக்கு பொருந்தவில்லை. மூன்றும் மூன்று வேறு வேறு காய்ச்சலாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம், அதில் பாதி ஊசி போடாவிட்டாலும் தானாக இறங்கியிருக்கும் வைரஸ் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

எனக்கு உண்மையான பயம் வேறு இடத்தில். ஐப்பசி, தை என்று எழுதியிருக்கிறீர்கள். மழையும் குளிருமான அந்த மாதங்கள்தான் நம் பக்கம் ஸ்க்ரப் டைபஸ், அதாவது உண்ணிக் காய்ச்சல் அதிகம் பார்க்கும் காலம். பெயர் டைபாய்டு போலவே இருப்பதால் சனங்களும் குழம்புகிறார்கள், மருந்துக்கடைக்காரரும் குழம்புகிறார். இரண்டும் வேறு வேறு. டைபாய்டு அசுத்தமான தண்ணீர், சாப்பாடு வழியாக வருவது. இது புதர், வரப்பு, ஆடு மேய்க்கிற காடு கரையில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத சிறு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சூடு வைத்தது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் சொல்வதில்லை. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் அரைஞாண் கயிறு படுகிற இடம், காதுக்குப் பின்னால் என்று ஒளிந்த இடமாகப் பார்த்து இருக்கும். சிலருக்குப் பொருக்கு இருக்கவே இருக்காது, ஆகவே இல்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. டைபாய்டுக்குப் போடுகிற செஃப்ட்ரியாக்சோன் ஊசி இதை ஒன்றும் செய்யாது. விலை மலிவான டாக்ஸிசைக்ளின் போதும், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். டைபாய்டு என்று நினைத்து ஒரு வாரம் தவறான ஊசியில் கழித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய்விடும். பதினாறு வயதுப் பையன் அம்மாவிடம் சட்டையைக் கழற்றிக் காட்ட வெட்கப்படுவான், அப்பாவையோ தாய்மாமாவையோ பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். டெங்கு, உண்ணிக் காய்ச்சல் இரண்டுக்கும் சோதனை கேளுங்கள், ஆண்டிபயாடிக்குக்கு முன் கல்ச்சர் எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். கல்ச்சரில் டைபாய்டு என்றே வந்தால், சரியான மருந்து போட்டும் காய்ச்சல் நாலைந்து நாள் இருக்கும். அதற்குள் மருந்து கேட்கவில்லை என்று டாக்டரை மாற்றாதீர்கள், காய்ச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். கடுமையான வயிற்றுவலி, மலத்தில் ரத்தம், பேச்சு குழறுவது, மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் இரவென்று பார்க்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

போகும்போது பழைய மூன்று சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றின் மேலும் காய்ச்சல் எந்தத் தேதி தொடங்கியது, ரத்தம் எந்தத் தேதி எடுத்தது, ஊசி என்று ஆரம்பித்தது என்று பேனாவால் எழுதி வையுங்கள். அந்த மூன்று தேதி இல்லாமல் 160 என்ற எண்ணை வைத்து எந்த மருத்துவராலும் எதுவும் சொல்ல முடியாது.